ஏழு பேருக்கு ஒரே மேஜை

"எங்க வேணா போலாம், நீயே பாத்து முடிவு பண்ணு" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னால் அதைவிடப் பெரிய தொல்லை உலகத்தில் கிடையாது. சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்களா? மாட்டார்கள். படியிறங்கும்போது ஒவ்வொருவராகப் பின்னாலேயே வந்து காதைக் கடிப்பார்கள். "ரொம்பப் பெரிய இடமா வேணாம், செருப்போட நுழையவே பயமா இருக்கும்" என்றார் மேஸ்திரி. "சின்ன இடமாவும் வேணாம், கல்யாண விருந்துல்ல?" என்றாள் வானொலி. "வயிறு நிறையணும், அவ்வளவுதான்" என்றான் பன்னு. வேன்காரர் எல்லாரும் போட்ட பணம் இருந்த கவரைத் தராசின் கையில் திணித்தபோது, அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, ரொம்பத் தடிமனாக இல்லை என்பதை ஒரு பெருமூச்சில் சொல்லிவிட்டார்.

தராசு தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். தராசு என்பது அவள் பெயரல்ல. ரொட்டிக் கடையில் மாவை வெட்டி எடை போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் வெட்டியதில், கையில் எடுத்த உருண்டை எத்தனை கிராம் என்று மிஷினுக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். அந்தக் கடையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. வாய் மூடாதவள் வானொலி. கன்னம் உப்பியவன் பன்னு. ரொட்டி வேலையில் எல்லாருக்கும் மூத்தவர் மேஸ்திரி. தராசின் சொந்த அக்காவே அங்கே எல்லாருக்கும் அடுப்பக்கா.

அந்த அக்காவுக்குத்தான் அன்று காலை பதினோரு மணிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பதிவு அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், நாலு கையெழுத்து. மாப்பிள்ளை இந்தக் கடலோர ஊரில் படகுத் துறையில் டிக்கெட் கொடுப்பவர். ஐம்பத்து நாலு வயது, மெலிந்த உடம்பு, யார் பேசினாலும் கவுண்ட்டருக்கு உள்ளேயிருந்து கேட்பதுபோலக் கொஞ்சம் குனிந்து கேட்பார். கடையிலிருந்து ஐந்து பேரும் கல்யாணப் பெண்ணோடு ரொட்டி வேனிலேயே வந்திருந்தார்கள். அடுக்குத் தட்டுகளைக் கழற்றிவிட்டுத் தரையில் மெத்தை போட்டு, நாலு மணி நேரம். எல்லார் துணியிலும் ரொட்டி வாசனை. நாளைக் காலையில் வேன் திரும்பும்போது அக்கா அதில் இருக்கமாட்டாள்.

தராசுக்கு இந்த விருந்து வெறும் விருந்தில்லை. நாலு மாதத்துக்கு முன்னால், முதல் ஈடு ரொட்டி இறக்கிவிட்டு எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்றாள். எல்லாரும் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்க, தராசுதான் சிரித்தாள். மெல்ல இல்லை, விழுந்து விழுந்து. சிரித்துவிட்டுச் சொன்னாள்: "உனக்கா? அம்பத்தோரு வயசுலயா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கொறட்டை விடறவளை வச்சுக்கிட்டு எவன் குடும்பம் நடத்துவான்? மூணே மாசம். மூட்டை முடிச்சோட திரும்பி வந்து நிக்கப் போறே, பாரு."

சனியன் பிடித்த வாய். சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள், என்ன பயன்? அக்கா எழுந்து போய் அடுப்பு முன்னால் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் மாவு, உப்பு, நேரம், இவை தவிர வேறு பேச்சில்லை. ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுத் தூங்குகிற அக்கா தங்கை! நாலு மாதம் அப்படியே ஓடிவிட்டது. எத்தனையோ தடவை தராசு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒன்று இடறியது. சொன்னது எல்லார் முன்னாலும். அப்படியிருக்க, திரும்ப வாங்குவதை மட்டும் யாருமில்லாத மூலையில் வைத்துக் குசுகுசுவென்று வாங்கினால் அது என்ன நியாயம்? எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு மிச்சமிருப்பது இன்றைய சாப்பாடு ஒன்றுதான். நாளைக்கு வேன் கிளம்பிவிடும்.

ஆகவே அவள் தேடியது ஓட்டல் இல்லை என்றே சொல்லலாம். ஏழு பேர் உட்கார ஒரே மேஜை, அவ்வளவுதான்.

மதிய வெயில் அந்த ஊரில் ஒரு தினுசாக இருந்தது. கடலிலிருந்து கிளம்பும் வெளிச்சம் சுவர்களில் நெளிந்து, ஜன்னல்களில் நெளிந்து, நடந்து போகிறவர்கள் முகத்திலும் நெளிந்தது. தெருக்கள் எல்லாம் சரிந்து சரிந்து தண்ணீருக்கே போயின. எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் படகுத் துறை எட்டிப் பார்த்தது. தராசு பகலில் இத்தனை நேரம் வெளியே நடந்து வருஷக்கணக்காகிவிட்டது. கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு. உள்ளே துணி விரித்த மேஜைகள், கூம்பு கூம்பாக மடித்த கைத்துண்டுகள். மெனு அட்டையில் விலையே இல்லை. விலை போடாத இடத்தில் என்ன விலை இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் அட்டையை மெதுவாக, உடைந்துவிடுமோ என்பதுபோல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது இடம் மலிவு. வாசலிலேயே பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆனால் மேஜைகளைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள், மேஜைக்கு நாலு நாற்காலி. "நாலு பேர் இங்க, மூணு பேர் அங்க. என்னம்மா கஷ்டம்?" என்றான் கல்லாவில் இருந்தவன். "ஒண்ணா உக்காரணுங்க" என்றாள். "சாப்பிடத்தானே வர்றீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அவள் என்னவென்று விளக்குவாள்?

மூன்றாவது இடத்தில் நீள மேஜை இருந்தது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் சுவரை அடைத்து ஒரு டிவி, அதில் ஏதோ ஆட்டம், அந்த ஆட்டத்தைவிடச் சத்தமாக இருபது பேர். அங்கே மன்னிப்புக் கேட்டால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது.

நாலாவதை அவள் தேடிப் போகவில்லை, வழி தவறித்தான் போனாள். படகுத் துறைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்து முடிவில் ஒரு முற்றம். கிளை பரந்த ஒரு மரம், மரத்தடியில் பலகைகளைச் சேர்த்து அடித்த ஒரு நீண்ட மேஜை. நிழல் அசைந்தபோது மேஜையும் கூடவே மிதப்பதுபோல இருந்தது. சமையலறை ஜன்னலில் ஒரு அம்மாள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் கடைக்காரி, புருஷன் உள்ளே சமையல். மீன், சோறு, சூப், காய், எல்லாம் கவருக்குள் அடங்குகிற விலை. சத்தம் என்று பார்த்தால் இலைச் சத்தம் மட்டும்.

மேஜையில் ஒரு கூடையில் ரொட்டி இருந்தது. தராசின் கை தானாகப் போய் ஒன்றை எடுத்து அடிப்பாகத்தைத் தட்டியது. நேற்றைய ரொட்டி. இன்று சூடு காட்டி வைத்திருக்கிறார்கள். கடவுளே! மேஸ்திரி இதைத் தொட்டால் கதை கந்தல், ஒரு மணி நேரம் பிரசங்கம் நடக்கும். அவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு ரொட்டியைத் திரும்பக் கூடையில் போட்டாள். ரொட்டிக்காகவா வந்தோம்?

"ஏழு பேருங்க. இந்த மேஜைதான் வேணும்."

"எட்டு மணிக்கு வாங்க. அதுக்கு முன்னாடி படகுல வர்றவங்க கூட்டம் இருக்கும்" என்றாள் கடைக்காரி.

"எட்டு மணி. சரிங்க" என்றாள் தராசு.

பாருங்கள், இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். ரொட்டிக் கடைக்காரர்கள் ராத்திரி ஒரு மணிக்கு, அதாவது ஊரே அடங்கிக் கிடக்கும் ஒரு மணிக்கு, வேலையில் நிற்கிறவர்கள். மாலை ஆறு மணிக்கெல்லாம் திரையை இழுத்து விட்டுப் படுத்துவிடுவார்கள். அவளுக்கும் இருபத்திரண்டு வருஷமாக அதே கதைதான். ஆனால் ஊர் மாறியதும் உடம்பும் மாறிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு. உலகத்தில் எல்லாரும் எட்டு மணிக்குத்தானே சாப்பிடுகிறார்கள், நாமும் ஒரு நாள் சாப்பிட்டால் என்ன? சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே சந்தை விட்டு வெளியே வந்தாள்.

எட்டு மணிக்கு ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கோடைக்காலம், இருட்டிய பிறகும் காற்றில் சூடு மிச்சமிருந்தது. மரத்தில் தொங்கவிட்டிருந்த சின்ன விளக்குகள் எரிந்தன. அக்கா நடுவில் உட்கார்ந்தாள், நீலப் புடவையில், காதோரம் நரைத்த முடியைச் சரிசெய்துகொண்டு. பக்கத்தில் மாப்பிள்ளை. எதிரே தராசு. "இடம் ஜோர்" என்றார் வேன்காரர். "கெட்டிக்காரி, நல்லா தேடிப் பிடிச்சிருக்கே" என்றாள் வானொலி. தராசுக்கு உள்ளே குளிர்ந்தது. சாப்பாடு வந்து முதல் வாய் உள்ளே போனதும் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

சாப்பாடு வரவில்லை. கடைசிப் படகு தாமதமாம், அதில் வந்த கூட்டம் உள்ளே நிறைந்திருந்தது. "பத்து நிமிஷம்மா" என்றாள் கடைக்காரி. பிறகு இன்னொரு பத்து.

முதலில் சாய்ந்தவன் பன்னு. "எனக்கு மீனுன்னா…" என்று ஆரம்பித்தான். மீன் என்றால் அவனுக்கு என்ன என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை; கன்னம் மேஜையில் படிந்துவிட்டது. வேன்காரர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, மரத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போனார். மேஸ்திரி கூடையிலிருந்து ரொட்டியை எடுத்தார். தட்டினார். புருவத்தை நெரித்தார். "இது நேத்து…" என்றார். அத்தோடு சரி, தலை தொங்கிவிட்டது, கையில் பிடித்த ரொட்டி பிடித்தபடியே இருந்தது. வானொலி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள், தன் மச்சினி வீட்டுக் குழாய் உடைந்த கதை. அந்தக் கதை மெல்ல மெல்ல இறங்கி, முணுமுணுப்பாகி, ஒரு வார்த்தையின் பாதியில் நின்றது. வானொலி நின்று தராசு பார்த்தது அன்றுதான்.

தராசு தலையில் அடித்துக்கொண்டாள். அடிப் பாவி, என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய்! நாலு மாதம் காத்திருந்து, ஊரெல்லாம் சுற்றி, ஏழு பேரை ஒரே மேஜையில் உட்கார வைத்தாய். இப்போது கேட்க ஒரு ஜீவன் உண்டா? அவள் கண்ணும்தான் சொக்கியது. விளக்குகள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தன, கடல் சத்தம் மரத்துக்குள்ளேயே கேட்டது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

கடைக்காரி சூப் கோப்பைகளோடு வந்து திகைத்து நின்றாள். "என்னம்மா இது? ஏதாவது குடிச்சிருக்காங்களா?"

"இல்லீங்க. ரொட்டி போடறவங்க" என்றாள் அக்கா.

அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் நிற்கிறவள் கடைசி ரொட்டி வெளியே வரும்வரை கண்ணை மூடமாட்டாள். அது அவள் உடம்பில் ஊறிப்போன விஷயம். அவள் பக்கத்தில் மாப்பிள்ளையும் முகவாயைக் கையில் ஊன்றியபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைக்காரி கோப்பைகளை வைத்துவிட்டுக் கால் சத்தம் கேட்காமல் போனாள்.

"இவருக்கு என்ன வந்தது? இவர் பகல்ல வேலை பாக்கறவராச்சே" என்றாள் தராசு. நாலு மாதத்தில் மாவும் உப்பும் இல்லாமல் அவள் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல நாலரை மணிப் படகுக்கு எழுதிக் குடுத்து ஷிஃப்ட்டை மாத்திக்கிட்டாரு. அந்த ஷிஃப்ட்டுக்கு யாருமே வரமாட்டாங்களாம், உடனே குடுத்துட்டாங்க. நான் தூங்கற நேரத்துக்குத் தூங்கணுமாம். மூணு மாசமா சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்துப் பழகறாரு. முதல்ல தூக்கமே வரலையாம், கண்ணுல துணி கட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு."

தராசு அந்த மனிதரைப் பார்த்தாள். முகவாய் கையிலிருந்து வழுக்கியது, அவர் தூக்கத்திலேயே அதை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். எவன் குடும்பம் நடத்துவான் என்று கேட்டாளே, அவன் இதோ எதிரே உட்கார்ந்து தூங்குகிறான். அவளுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அக்கா. நான் அன்னிக்குச் சொன்னது…" என்று ஆரம்பித்தவள், சுற்றிலும் பார்த்து நிறுத்தினாள். "எல்லார் முன்னாடியும் சொல்லணும்னுதான் இந்த மேஜையைப் பிடிச்சேன். பாரு, ஒருத்தர் முழிச்சிருக்காங்களா? எட்டு மணிக்குச் சொன்னேன் பாரு, என் புத்தியை…"

"அடி போடி இவளே" என்றாள் அக்கா. "அவங்க கேட்டதுக்கா நான் அழுதேன்? நீ சொன்னதுக்குத்தான் அழுதேன். என்கிட்ட சொல்லு."

மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. "நீ போறது எனக்குப் பிடிக்கலை. பயமா இருக்கு. அந்த ரூம்ல நான் ஒருத்தி மட்டும் படுத்துக்கறதை நினைச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது. அதான் சிரிச்சேன். உன்னைப் பாத்து இல்லை. தப்புக்கா. ரொம்பத் தப்பு."

அக்கா சூப்பில் கரண்டியை விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, குரல் எழும்பாமல் சொன்னாள்: "எனக்கும் பயமா இருக்குடி."

"என்ன பயம்?"

"எல்லாம்தான். புது வீடு. புது மனுஷன். காலைல எந்திரிச்சா அடுப்பு கிடையாது. நீ சொன்ன மாதிரியே ஆயிடுமோன்னு நாலு மாசமா நினைச்சு நினைச்சு…" கரண்டி நின்றது. "ஏய். நாளைக்கு நானும் வேன்ல ஏறி வந்துடட்டுமா? கொஞ்ச நாளைக்கு. அவருகிட்ட சொன்னா புரிஞ்சுப்பாரு. நீ என்ன சொல்றே?"

அப்போது தராசின் மனசு என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். துள்ளியது. வா என்று ஒரே ஒரு எழுத்து. அதைச் சொன்னால் போதும், நாளை மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இரண்டு கட்டில், இழுத்து விட்ட திரை, பக்கத்தில் அக்காவின் மூச்சு. நாலு மாதமாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதானே. அந்த எழுத்து உதடுவரை வந்துவிட்டது.

எதிரே மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பெண் ஒருத்திக்காகக் கண்ணில் துணி கட்டிப் பழகிய தூக்கம்.

"வராதே" என்றாள் தராசு.

அக்கா நிமிர்ந்தாள்.

"நீ வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். அதுக்காகத்தான் சொல்றேன், வராதே. பயமா இருந்தா பயந்துக்கிட்டே இங்கயே இரு. நானும் அங்க பயந்துக்கிட்டே இருக்கேன். ஒரு பொம்பளை தூங்கற நேரத்துக்குத் தூங்கக் கத்துக்கறவனை விட்டுட்டு வர்றதா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அக்கா சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுப்புச் சூட்டில் காய்ப்பு ஏறிய கை, பிடித்தால் உறுத்தும்.

கடைக்காரியும் அவள் புருஷனும் தட்டுகளை ஏந்தி வந்தார்கள். ஆவி பறக்கும் சோறு, வறுத்த மீன். "எழுப்பலாமா, வேணாமா?" என்று கிசுகிசுத்தாள் கடைக்காரி.

தராசு எழுந்தாள். கடையில் வேலை தொடங்கும்போது அக்கா அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் போடுவாள். அதைக் கேட்டால் செத்தவனும் மாவுக்கு ஓடுவான். தராசு இதுவரை அதைப் போட்டதில்லை. இப்போது மூச்சை இழுத்து, முற்றம் அதிர, போட்டாள்.

"அடுப்பு காஞ்சிருச்சேய்!"

ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் துள்ளி எழுந்தார்கள். மேஸ்திரி ரொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். பன்னு கண்ணைத் திறக்காமலே ஏப்ரனைத் தேடினான். மாப்பிள்ளை, "யாருக்கு டிக்கெட்?" என்றார்.

"உக்காருங்க மாமா, டிக்கெட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் தராசு. அவரை அவள் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு டீ குடிக்கிறப்போ நான் ஒண்ணு சொன்னேன். மூணு மாசத்துல மூட்டை முடிச்சோட திரும்பி வருவான்னு. அத்தனையும் வயித்தெரிச்சல்ல சொன்னது. எங்கக்கா திரும்பி வரமாட்டா. வந்தா மாமாவைக் கூட்டிக்கிட்டு விருந்தாளியா வருவா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போவா. அவ்வளவுதான். இப்ப சாப்பிடுங்க, சோறு ஆறுது."

வானொலி கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள்.

"என்னடி சொன்னே? எனக்குப் பாதித் தூக்கம், ஒண்ணும் காதுல விழலை. அக்கா என்ன, திரும்பி வர்றாளா?"

"இல்லை" என்றாள் தராசு. "அவ வரமாட்டா."

இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.